அசைந்தவன் எங்கே?

தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு தகரப் பெட்டி!

புதுக்கோட்டையில், பழைய இரும்பு வாங்கும் கடை ஒன்றின் வாசலில் அதைக் கண்டோம். கழகக் கூட்டத்திற்காகச் சென்றிருந்தோம். மேடை ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தேநீர் அருந்தி வரலாம் என்று தெருவில் இறங்கினோம். வழியை மறித்தது அந்தப் பெட்டி. துருப்பிடித்த மூடி, கயிறு கட்டிய கைப்பிடி, உள்ளே வரிசை வரிசையாய்க் கண்ணாடித் தகடுகள்.

"என்ன தம்பி இது?" என்றோம்.

"போட்டோக் கண்ணாடிண்ணே. ஸ்டூடியோவைக் காலி பண்ணிட்டாங்க. கண்ணாடிக்கு விலை கெடையாது, பெட்டிக்குத்தான் காசு. சோடாப் போட்டுக் கழுவினா சாமி படத்துக்குப் பிரேம் போட ஆகும்" என்றார் கடைக்காரர்.

சாமி படத்திற்குச் சட்டம் போட ஆசாமி படத்தைக் கழுவுகிறார்கள்! முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு தகட்டை எடுத்து வெயிலை நோக்கிப் பிடித்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணாடித் தகட்டிலே உலகம் தலைகீழ். வெள்ளை வேட்டி கரியாய்த் தெரியும். கறுத்த முகம் வெள்ளியாய் மின்னும். நிறத்தை வைத்து மேல் என்றும் கீழ் என்றும் பேசித் திரிவோரை ஒரு நாழிகை இந்தத் தகட்டுக்குள் குடிவைத்தால் நல்லது என்று எண்ணிக்கொண்டோம். ஒளி நிழலாகவும் நிழல் ஒளியாகவும் மாறிக் கிடந்த அந்தத் தகட்டில் ஒரு கடைத்தெரு இருந்தது. ஓட்டுச் சார்ப்பு. சார்ப்பின் கீழே ஓர் அச்சகம். வாசலில் நாற்காலி போட்டு, கழுத்தில் மாலையோடு முதலாளி. அவருக்கு இருபுறமும் நெஞ்சு நிமிர்த்தி நாலைந்து பேர். எல்லோருடைய முகமும் தெளிவு. மீசை முறுக்கும் தெளிவு. ஓரத்தில், வாசற்படி அருகே, ஒரு புகைமூட்டம்! ஆள் உயரத்திற்கு ஒரு மங்கல். கால்கள் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை, ஆவிபோல் ஒரு வெளிச்சக் கீற்று மட்டும். கையில் எதையோ தூக்கிக்கொண்டு வந்த ஒருவர், படம் எடுக்கிறார்கள் என்று கண்டு நின்றிருக்கிறார். கால் நின்றது, உடல் நிற்கவில்லை. முகம் போய்விட்டது.

அந்நாள் ஊர்ப்புறப் படக்காரர் இன்றுபோல் விரலால் தட்டிவிட்டுப் போகிறவர் அல்லர். முக்காலியின் மேல் மரப்பெட்டி; பெட்டியின் மேல் கறுப்புத் துணி; துணிக்குள் அவர் தலை. நிழலான இடம் என்றால் லென்சு மூடியைக் கழற்றி, "ஆடாதீங்க, அசையாதீங்க" என்று அதட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூடியைப் போடுவார். அந்த எண்ணிக்கை முடியும்வரை அசையாதிருப்பவன் படத்தில் இருப்பான். அசைந்தவன் அழிவான்.

யாரால் அசையாதிருக்க முடியும்? நாற்காலி உடையவனால் முடியும். வேலை அற்றவனால் முடியும். கோபுரத்தால் முடியும், கொடிமரத்தால் முடியும், கோட்டை மதிலால் முடியும். சுமை தூக்குகிறவனால் முடியுமா? சாணை பிடிக்கிறவனால், சவுக்கு அடித்து வண்டி ஓட்டுகிறவனால், அச்சு எந்திரத்தைக் காலால் மிதிக்கிறவனால், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக் கீரைக் கூடையைத் தலையில் வைத்து நடக்கிறவளால் முடியுமா? உழைப்பு என்பதே அசைவு. அந்த அசைவைப் பழைய பெட்டி அறியவில்லை.

இது புதுக்கோட்டைக்கு மட்டும் உரிய கதை அன்று. பாரிசு நகரில், 1838ஆம் ஆண்டில், தாகேர் என்னும் கலைஞர் தம் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெருந்தெருவைப் படம் எடுத்தார். குதிரை வண்டிகளும் கூட்டமுமாய் இருந்திருக்க வேண்டிய அகன்ற சாலை. படத்திலோ ஆளரவம் இல்லை! நடந்தவர், ஓடியவர், வண்டியில் போனவர் எல்லோரும் அந்த நீண்ட நேரப் பதிவில் கரைந்து போனார்கள். ஒரே ஒருவன் மட்டும் நிற்கிறான். ஏன் நின்றான்? காலைத் தூக்கி வைத்துப் பூட்சுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான்! படத்தில் பதிந்த முதல் மனிதன் என்று உலகம் இன்றுவரை அவனைக் கொண்டாடுகிறது. அவன் காலடியில் குனிந்திருந்து தேய்த்தானே ஒரு தொழிலாளி, அவனும் அந்தப் படத்தில் இருக்கிறான். மங்கலாக. கை ஓயாமல் அசைந்தது அல்லவா! நின்றவன் வரலாறு ஆனான். தேய்த்தவன் நிழல் ஆனான்.

அந்தப் படத்திற்கு இருபது ஆண்டு கழித்து, 1858இல், புதுக்கோட்டைக்கே ஒரு படப்பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்துறைத் தலைவர். சென்னை அரசாங்கத்தின் படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்டவர். மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகிட்ட காகிதத்தைத் தகடாகக் கொண்டு எடுத்த படங்கள் அவை. நேர்த்தியில் குறைசொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் தமிழ்க் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமாக ஒரே தொடராக்கினார். அந்த உழைப்புக்கு நாம் தலை வணங்குகிறோம். புதுக்கோட்டைக்கென்றே தனியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். அவருடைய தொகுப்புகள் இலண்டன் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 1860இல் ஆளுநர் டிரவெலியன், இது ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்த வேலைக்கே முடிவு கட்டினார் என்பது தனிக் கதை.

டிரைப் எடுத்தவை பெரும்பாலும் கல்லும் கட்டடமும். மாடமும் மண்டபமும், மதிலும் மலைக்கோட்டையும் வரிசை வரிசையாய் நிற்கும். கடைக்காரன் எங்கே, கம்மாளன் எங்கே, கூலிக்காரி எங்கே என்று தேடினால் அரிதாய் ஒருவர் இருவர் தூணோரம் தென்படுவர். அவர்கள்கூட மண்டபம் எவ்வளவு உயரம் என்று காட்ட உதவும் அளவுகோல்களோ என்று ஐயுறத் தோன்றும்! தஞ்சைக் கோவில் கல்வெட்டிலாவது இராசராசன் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்ற குறிப்பு இருக்கிறது. அந்த மரபில் பிறந்த மகளிர் 1858இலும் கோவில்களில் இருந்தனர். படக்காரர் கல்லைப் பார்த்தார்.

நம் ஊர் ஆட்சியாளர்கள் மட்டும் வேறு எதைப் பார்த்தார்கள்? புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானம். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களைத் தூர் வாரினார், சாலை போட்டார், பொது அலுவலகங்களுக்குப் பெரிய கட்டடம் எழுப்பினார். அந்த ஊரின் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. கீழ இரண்டாம் வீதி, மேல நான்காம் வீதி என்று எண்ணால் அழைக்கப்படுபவை. (சாதியின் பெயரைத் தெருவுக்குச் சூட்டாமல் எண்ணைச் சூட்டிய அந்தச் சிக்கனத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்!) பின்னர் 1920களில் கல்லால் எழுந்தது புதிய அரண்மனை. இப்படி எழுந்த கட்டடங்களுக்குப் படம் உண்டு. திவானுக்குப் படம் உண்டு, தர்பாருக்குப் படம் உண்டு. 1916இல் இராதாகிருஷ்ண ஐயர் எழுதிய சமஸ்தான வரலாறு இருக்கிறது. பின்னர் வேங்கடராம ஐயர் தொகுத்த பெரிய கையேடு இருக்கிறது. உழைத்து எழுதிய நூல்கள். நாமும் புரட்டிப் பயன்பெறுகிறோம். ஆயினும் கட்டிய கொத்தன் யார், கல் உடைத்தவன் யார், அவன் சாப்பிட்ட கடை எது என்று கேட்டால் அந்தத் தாள்கள் வாய் திறப்பதில்லை.

நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு அம்மன் காசு கொடுக்கும் வழக்கம் அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. ஓர் அணாவுக்கு இருபது காசு! சின்னஞ்சிறு செப்புக் காசு. இன்று அந்தக் காசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காசு சேர்ப்போர் கையிலும் இருக்கிறது. அதை வாங்க நீண்ட கை எங்கே? காசு அசையவில்லை, கை அசைந்தது. மீண்டும் அதே கதை!

கட்டடத்தை வெறுப்பதா நம் வேலை? இல்லை. சில கட்டடங்களின் படத்தைப் பார்த்தால் நமக்கும் நெஞ்சு விம்மும். மன்னர் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியின் வாசலில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு பெண் வந்து நின்றாள். தேவதாசிக் குலம் என்று ஒதுக்கப்பட்ட தாய்க்குப் பிறந்தவள். "இவள் வந்தால் எங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம்" என்று எழுந்தது எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளி, அவளைச் சேர்க்க ஆணையிட்டார். மன்னரைப் பாடிப் பரிசில் பெறும் பரம்பரை அல்ல நாம். ஆனாலும் செய்த நன்மையை மறைக்கும் பழக்கமும் நமக்கு இல்லை. அந்தப் பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் மருத்துவரானார், சட்டமன்றத்தில் அமர்ந்தார், பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமைக்கு எதிராகப் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் சுயமரியாதை இயக்கமும் மேடைதோறும் முழங்கிய அந்தக் கோரிக்கை 1947இல் சட்டமாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி! இன்று அவர் பெயரால் தமிழ்நாட்டு அரசு கருவுற்ற தாய்மாருக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரிக் கட்டடத்தின் பழைய படத்தைக் காண்போர் தூண்களை எண்ணுவார்கள். நாமோ அந்தப் பெண் தயங்கி நின்றிருக்கக்கூடிய படி எது என்று தேடுகிறோம்.

அந்த மன்னருக்கு நேர்ந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1915இல் மெல்பர்ன் நகரில் ஆஸ்திரேலியப் பெண் ஒருவரை மணந்தார். வெள்ளை அரசாங்கம் அந்த மணத்தை ஏற்கவில்லை. பிறந்த மகனுக்குப் பட்டம் இல்லை என்றது. வருணாசிரமம் நம் நாட்டில் மட்டுந்தானா விளைகிறது?

அரண்மனை இன்று என்ன ஆயிற்று என்பது இன்னும் சுவையானது. 1948 மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 சனவரி 14, பொங்கல் நாளில், கலைஞர் ஆட்சி புதுக்கோட்டையைத் தனி மாவட்டமாக்கிற்று. அரண்மனை ஆட்சியர் அலுவலகமாயிற்று! பல்லக்கு நுழைந்த வளாகத்தில் இன்று திங்கட்கிழமைதோறும் மனுவோடு மக்கள் நுழைகிறார்கள். பட்டா வேண்டும் என்கிறாள் ஒரு மூதாட்டி. முதியோர் ஓய்வூதியம் நின்றுவிட்டது என்கிறார் ஒரு பெரியவர். அரண்மனையின் முகப்பைப் படம் எடுத்தோர் ஆயிரம் பேர் இருப்பர். மனு எழுதிக் கொடுக்க மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனிதரை எத்தனை பேர் எடுத்தார்கள்?

இப்போது தகரப் பெட்டிக்குத் திரும்புவோம். அந்த அச்சகத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் நாக்கு நம்மை மன்னிக்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளை ஆட்சிப் பகுதியில் காகிதத்துக்குக் கடுங்கட்டுப்பாடு. புதிய ஏடு தொடங்குவது குதிரைக்கொம்பு. சமஸ்தானத்தில் அந்த இறுக்கம் இல்லை. விளைவு? புதுக்கோட்டை என்ற சிறிய ஊர் ஏடுகள் பிறக்கும் ஊராயிற்று! சிறுவர் இதழ்கள்கூட அங்கிருந்து கிளம்பின. 1947இல் முருகு சுப்பிரமணியன் 'பொன்னி'யை அங்கிருந்துதான் தொடங்கினார். பாரதிதாசன் பரம்பரை என்று ஒரு வரிசை வைத்து, பாவேந்தர் வழிவந்த இளங்கவிஞர்களை ஒவ்வொருவராக நாட்டுக்கு அறிமுகப்படுத்திற்று அந்த ஏடு. அரண்மனை நிழலில் பகுத்தறிவு அச்சேறியது! பிறகு சமஸ்தானம் போயிற்று. 'பொன்னி'யும் சென்னைக்குப் போயிற்று.

ஏட்டில் எழுதியவர் பெயரை இலக்கிய வரலாறு எழுதி வைத்திருக்கிறது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்தாரே கம்பாசிட்டர், அவர் பெயர்? "தமிழ்" என்று அச்சிட மூன்று அறைகளில் கை போய்வர வேண்டும். அதையும் இடம் வலம் மாற்றி, தலைகீழாய்ப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காரீயத் தூசும் கண்ணெரிச்சலும் கூலியோடு கிடைத்த இனாம். பள்ளியில் எட்டு வகுப்புத் தாண்டாத எத்தனையோ தோழர்கள், கோத்த எழுத்தைப் படித்துப் படித்தே புலவர்களானார்கள். அவர்களுடைய விரல்கள் ஒரு நொடியும் ஓயவில்லை. ஓயாத விரல் படத்தில் விழாது என்று மேலே சொன்னோம்.

அச்சகத்துக்கு அடுத்தது முடிதிருத்தும் நிலையம். அதற்கு அடுத்தது தேநீர்க் கடை. எதிரே வாடகைச் சைக்கிள் கடை. முனையில் ஒலிபெருக்கி வாடகைக்குத் தருகிற கடை. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் இந்த வரிசை உண்டு. நம் இயக்கத்தின் பல்கலைக்கழகங்கள் இவை! சலூன் பெஞ்சில் 'விடுதலை'யும் 'திராவிட நாடு'ம் கிடக்கும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாதவர் சோப்பு நுரை பூசிய முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். சுவரில் பெரியார், பக்கத்தில் அண்ணா, அதற்குப் பக்கத்தில் அந்த ஊரின் பெயரையே தம் முதலெழுத்தாகக் கொண்ட நடிகர் பி. யு. சின்னப்பா. சைக்கிள் கடைக்காரர் கூட்டத்தன்று நோட்டீசு கொண்டுபோகிற பையனிடம் மணிக் கணக்குக் கேட்கமாட்டார். மாளிகையில் கூடியவர்கள் மாநிலத்தை ஆண்ட காலம் மாறி, இந்தக் கடை வாசலில் கூடியவர்கள் 1967இல் கோட்டைக்குப் போனார்கள். அந்தக் கடைகளில் எத்தனைக்குப் படம் இருக்கிறது? கடை திறந்த நாளில் மாலையோடு ஒன்று எடுத்திருந்தால் உண்டு. அதுவும் இப்படித் தகரப் பெட்டிக்குள்!

அந்தப் பெட்டியில் இன்னொரு தகடு. ஒரு காபி கிளப்பின் முகப்பு. பெயர்ப் பலகையில் எழுத்து இடம் வலமாய்த் தெரிந்தது. தகட்டைத் திருப்பிப் பிடித்தோம். "பிராமணாள்" என்று பளிச்சென்று நின்றது சொல்!

இன்றைய இளைஞர் பலர் இதைச் சொன்னால் நம்புவதில்லை. "சாப்பாட்டுக் கடையில் சாதிப் பலகையா? கட்டுக்கதை!" என்று சிரிக்கிறார்கள். சிலர் அறியாமல் சொல்கிறார்கள். சிலர் அறிந்தே சொல்கிறார்கள். தொடர்வண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலையில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்க்கு ஓரிடம் என்று இருந்தது. சுயமரியாதை இயக்கம் ஓயாமல் குரல் கொடுத்தது. 1941இல் அது ஒழிந்தது. 1957 மே மாதம் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஓர் உணவு விடுதியின் பலகையிலிருந்து அந்தச் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியலைத் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் போனார்கள், நாள்தோறும் கைதானார்கள். மாதங்கள் உருண்டன. 1958இல் பலகை மாறியது. ஒரு சொல்லை அழிக்க அத்தனை பேர் சிறை புக வேண்டியிருந்தது, தோழர்களே! அந்தச் சொல் அங்கே இருந்தது என்பதற்குச் சான்று எது? சொன்னவர் மறைவார், எழுதியவரைக் கட்சிக்காரன் என்பார்கள். படத்தை என்ன சொல்வார்கள்? அந்தச் சான்றைத்தான் சோடாப் போட்டுக் கழுவப் போனார்கள்.

படம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நாம் ஏமாறவும் இல்லை. கடைக்காரர் முகப்பைப் படம் எடுக்கச் சொல்வாரே தவிர, கொல்லைப்புறத்தை எடுக்கச் சொல்லமாட்டார். முகப்பில் பித்தளைப் பாய்லர் பளபளக்கும். கொல்லையில், ஒடுக்கப்பட்ட தோழனுக்கென்று ஒதுக்கிய தனிக் குவளை ஆணியில் தொங்கும். அதற்கு எந்தப் பழைய தொகுப்பில் படம் கிடைக்கப் போகிறது? பழங்கதை என்று தட்டிவிடவும் முடியவில்லை. 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமையை நாடு கண்டது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், பக்கத்து இறையூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை நடப்பதைக் கண்டார், வழக்குப் பதிவாயிற்று. நம் ஆட்சியில் நடந்தது என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்ளப் போவதில்லை. நம் ஆட்சி என்பதால் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம். நூறு ஆண்டு கழித்து ஒருவன், "அப்படியெல்லாம் இல்லவே இல்லை" என்று மீசை முறுக்குவான். அவன் முன் எடுத்து வைக்க இன்று நாம் எதைச் சேர்த்து வைத்திருக்கிறோம்?

கீழடியில் மண்ணைத் தோண்டுகிறோம். பானை ஓட்டுச் சில்லில் கீறிய "ஆதன்" என்ற பெயரைக் கண்டு பூரிக்கிறோம். 2023இல் அதற்கொரு அழகிய அருங்காட்சியகம் கண்டது தமிழ்நாட்டரசு. யார் அந்த ஆதன்? அரசனா? அல்லன். பானை வைத்திருந்த ஒருவன்! அவன் பெயருக்காக ஆழக் குழி தோண்டுகிற நாம், நேற்று வாழ்ந்த ஆதன்களின் முகத்தை எடைக்குப் போடுகிறோமே! இரண்டாயிரம் ஆண்டுப் பழமை இருந்தால்தான் மதிப்போ?

செலவு மிகுந்த வேலை அன்று இது. டிஜிட்டல் காமிரா வந்தபின் ஊர்தோறும் பழைய ஸ்டூடியோக்கள் மூடிக்கொண்டே வருகின்றன. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தந்த ஊர்த் தோழர்கள் ஒரு நடை போய்க் கேட்கலாம். கண்ணாடித் தகடு கிடைத்தால் தண்ணீர் படவிடாதீர்கள், துணியால் தேய்க்காதீர்கள், ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அடுக்கிப் படுக்க வைக்காமல், ஒவ்வொன்றையும் காகித உறையிலிட்டு நிமிர்த்தி நிறுத்துங்கள். வெள்ளை வெளிச்சத்தின் முன் பிடித்துச் செல்பேசியில் எடுத்து நிறத்தைத் திருப்பினால் படம் வந்துவிடும். பிறகு ஊரின் மூத்தவர் ஒருவரை உட்கார வைத்து, இவர் யார், அது எந்தக் கடை, எந்த ஆண்டு என்று கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். பெயர் எழுதாத படம் பத்தாண்டில் ஊமையாகிவிடும். புதுக்கோட்டையில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. அங்கே சிலைக்கும் செப்புக்காசுக்கும் இடம் இருப்பதுபோல், சலூனுக்கும் சைக்கிள் கடைக்கும் ஒரு சுவர் ஒதுக்க வேண்டும் என்று நம் அரசை, உரிமையோடு, கேட்கிறோம். படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? அங்கேயும் மாட்டலாம்.

பெட்டிக்கு உரிய காசைக் கொடுத்தோம். கண்ணாடிக்கு அவர் காசு வாங்கவில்லை. தூக்கிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனோம். கல்லாவில் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். அந்த அச்சகத் தகட்டை வாங்கினார். கடையின் குழல்விளக்கை நோக்கிப் பிடித்தார். முதலாளியைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை. ஓரத்து மங்கலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கப்பா, தம்பி" என்றார்.

"முகமே இல்லையே, எப்படித் தெரிந்தது?" என்றோம்.

"காலைப் பாருங்க. இடது கால் உள்பக்கமா வளைஞ்சிருக்குல்ல? அச்சாபீசுக்கு டீ கொண்டுபோறது அவருதான். கையில இருக்கிறது கிளாசு வைக்கிற கம்பிக்கூடு. டீ ஆறிடும்னு ஓடிக்கிட்டே இருப்பாரு, நிக்கமாட்டாரு" என்றார்.

வீட்டில் அவர் படம் இருக்கிறதா என்று கேட்டோம். ஒன்றுகூட இல்லை என்றார். ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கூட்டத்திற்கு நேரமாகிவிட்டது, தோழர்கள் தேடி வந்துவிட்டார்கள். முகவரி குறித்துக்கொண்டோம். பிரதி தயாராகிவிட்டது. வருகிற ஞாயிறு புதுக்கோட்டைத் தோழர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறோம்.